தரை துடைக்கத் தெரியும் என்பதற்கான சான்றிதழ்

தனக்குத் தரை துடைக்கத் தெரியாது என்ற விஷயம் மண்ணூர் முனியம்மாளுக்கு ஐம்பத்து மூன்றாவது வயதில்தான் தெரியவந்தது. அதற்கு முன் பதினோரு வருஷம், ஒரகடத்தில் கார் சீட் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் தரையை அவள்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். தரையும் பளபளவென்றுதான் இருந்தது. கம்பெனியும் அவளும் இவ்வளவு காலம் ஏமாந்துபோயிருக்கிறார்கள்.

விஷயத்தைச் சொன்னவன் சக்திகுமார். துப்புரவுக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். ஷிப்ட் முடிந்து பெண்கள் பை சோதனைக்காக கேட்டில் நிற்கிற நேரமாகப் பார்த்து வந்தான்.

"யக்கா, அடுத்த மாசத்துலேர்ந்து சர்டிபிகேட் இல்லாத ஆள உள்ள வுடக்கூடாதுன்னு கம்பெனில சொல்லிட்டாங்கோ."

"இன்னா சர்டிபிகேட்டுப்பா?"

"தொடைக்கத் தெரியும்னு."

"அதான் தெனம் தொடைக்கிறனே."

"தொடைக்கிறது வேற, தெரியறது வேறக்கா."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கொஞ்சமும் சிரிப்பில்லை. அவனுக்கும் யாரோ இப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

முனியம்மாளால் இந்த வேலையை விட முடியாது. அவள் புருஷன் கோதண்டராமனுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலைநிறுத்தம் செய்து இரண்டு வருஷமாகிறது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அது நடப்பது அவள் பேரில் இருக்கும் இ.எஸ்.ஐ. கார்டில். கணக்கு ரொம்ப எளிது. அவள் கம்பெனித் தரையைச் சுத்தம் செய்தால், ஆஸ்பத்திரியில் அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள். வேலை நின்றால் கார்டு டிசம்பர் கடைசி வரை ஓடும், அப்புறம் நின்றுவிடும்.

வேறு கம்பெனிக்குப் போகலாமே என்று கேட்பவர்கள் இந்தப் பக்கம் வந்து பார்த்ததில்லை. மண்ணூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் கம்பெனி கேட்டுக்குக் கேட்டு 'பெண்கள் தேவை' என்று பலகை தொங்குகிறது. கீழே சின்ன எழுத்தில் வயது 18 முதல் 25 வரை என்று இருக்கும். அந்த கேட்டுகளில் பாதி நிற்பது முனியம்மாளும் அவள் கூட்டாளிகளும் நாற்று நட்ட கழனியில். நிலத்துக்கு மட்டும் வயது வரம்பு பார்க்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே அவள் சான்றிதழுக்காகப் பென்னலூருக்குப் போனாள். அங்கே ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் 'முதுமகளிர் திறன் உயர்வுக் கழகம்' இருந்தது. கிராமத்து மூத்த பெண்களை வேலைக்குத் தகுதியாக்குவது அதன் நோக்கம் என்று வாசலிலேயே எழுதியிருந்தது. பயிற்சி இருபத்தோரு நாள், பகலில். வேலையில் இருப்பதற்கான தகுதியைப் பெறுவதற்காக அவள் வேலையிலிருந்து நின்றுகொண்டாள்.

முதல் நாள், சேர்க்கைக்கு விரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். வலது கை ஐந்து விரலையும் வைத்தாள். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. முந்தானையில் துடைத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு. பதினோரு வருஷத்து ஆசிட்டும் பினாயிலும் ரேகையைத் தின்று தீர்த்திருந்தன.

பயிற்சி கொடுக்கும் ப்ரீதிக்கு இருபத்து நாலு வயது. எம்.பி.ஏ. படித்தவள், நல்ல மாதிரி. நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

"ஆன்ட்டி, நீங்க நீங்கதான்னு மெஷின் ஒத்துக்க மாட்டேங்குது."

"நான்தாம்மா. வேற யாரு?"

"எனக்குத் தெரியுது ஆன்ட்டி. மெஷினுக்குத் தெரியணுமே."

அவள் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். ரேகை விழாதவர்கள் நாற்பத்தைந்து நாள் கைக்கு எந்த வேலையும் கொடுக்காமல் இருந்துவிட்டு வரவும் என்று போட்டிருந்தது. அதற்குள் முனியம்மாள் இடது கை விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சுண்டு விரலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. அந்த ஒரு விரல்தான் இத்தனை வருஷமும் ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருந்திருக்கிறது. கழகம் அதைச் சேர்த்துக்கொண்டது.

வகுப்பில் மொத்தம் பதினாலு பேர். எல்லாரும் ஐம்பது தாண்டியவர்கள், எல்லாரும் சுற்றுப்பட்டுக் கம்பெனிகளில் வருஷக்கணக்காகத் துடைத்தவர்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த ஜோதி, அதே கம்பெனியில் முனியம்மாளோடு கக்கூஸ் கழுவியவள். முதல் ஒன்பது நாளும் பாடம். 'துடைப்பான்: ஓர் அறிமுகம்' என்று திரையில் வந்தது. துடைப்பானின் பாகங்கள் மூன்று. அழுக்கின் வகைகள் ஆறு. முனியம்மாளுக்கு இரண்டு வகைதான் தெரிந்திருந்தது: போகிற அழுக்கு, போகாத அழுக்கு.

ஒரு நாள், ஐந்து வருஷம் கழித்து நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று எல்லாரும் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்றாள் ப்ரீதி.

"அஞ்சி வருசமா? செத்துப் பூட்டிருப்பேன்மா" என்றாள் ஜோதி.

ப்ரீதி தாளில் 'லட்சியத்தில் தெளிவு தேவை' என்று எழுதிக்கொண்டாள்.

முனியம்மாள் யோசித்துப் பார்த்து, "இதே கம்பெனில தொடச்சிக்கினு இருந்தா போதும்மா. எங்க வூட்டுக்காரரும் இருந்தார்னா போதும்" என்றாள். 'லட்சியம் போதவில்லை' என்று விழுந்தது.

ஆறாம் நாள் யாரோ டீயைக் கொட்டிவிட்டார்கள். முனியம்மாள் பழக்க தோஷத்தில் மூலையில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

"ஆன்ட்டி! ஐயோ, வெச்சிடுங்க! ப்ராக்டிகல் பத்தாவது நாள்தான்!"

"டீ கொட்டிக் கீதேம்மா."

"அதுக்கு முன்னாடி நீங்க தொடைச்சா ரூல்ஸுக்கு எதிர் ஆன்ட்டி. உங்களுக்கு இன்னும் தெரியாது இல்ல?"

டீ அப்படியே கிடந்தது. எறும்பு வந்தது. தரை துடைக்கத் தெரிந்த பதினாலு பெண்கள் நாலு நாள் அந்தக் கறையைத் தாண்டித் தாண்டிப் போய் உட்கார்ந்தார்கள். பத்தாம் நாள் அதையே நான்காம் வகை அழுக்குக்கு, அதாவது 'காய்ந்த கறை'க்கு, உதாரணமாகக் காட்டினாள் ப்ரீதி. நல்ல உதாரணம்தான்.

பதினோராம் நாள் கழகத்தின் இயக்குநர் சம்பத்குமார் வந்து பேசினார். மைக்கே தேவைப்படாத அறையில் மைக் வைத்துக்கொண்டு பேசினார்.

"தாய்மார்களே! வரும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். எத்தனை கம்பெனி! எத்தனை லட்சம் சதுர அடித் தரை! அத்தனையும் உங்கள் கைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. நமது கழகம் மூன்றே ஆண்டுகளில் ஆறாயிரம் தாய்மார்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறது. அதில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று சிலர் கேட்கிறார்கள். குறுகிய புத்தி! எல்லாருக்கும் வேலை கிடைத்துவிட்டால் பயிற்சிக்கு யார் வருவார்கள்? யாரும் வராவிட்டால் கழகத்தை மூட வேண்டியதுதான். கழகத்தை மூடிவிட்டால் உங்களைப் பற்றிக் கவலைப்பட இந்த நாட்டில் யார் இருக்கிறார்கள்?"

பதினாலு பேரும் கை தட்டினார்கள். தட்டுங்கள் என்று ப்ரீதி சைகை காட்டியிருந்தாள்.

"வயதைப் பற்றிக் கலங்காதீர்கள். அனுபவம் என்பது பொக்கிஷம். பொக்கிஷத்தை யாராவது தினமும் எடுத்துப் புழங்குவார்களா? பத்திரமாக வைத்திருப்போம். அப்படித்தான் இந்தச் சமுதாயம் உங்களை வைத்திருக்கிறது."

ஜோதி எழுந்தாள். "சார், இந்த ஆபீச யாருங்க பெருக்கித் தொடைக்கிறாங்கோ? அந்த வேலைய எனக்குக் குடுத்தீங்கன்னா நான் பாட்டுக்குச் செஞ்சினு கெடப்பேன்."

"நல்ல கேள்வி" என்றார் சம்பத்குமார். "அந்தப் பணியை வெளி நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறோம் அம்மா. அவர்கள் முப்பது வயதுக்குள்தான் எடுப்பார்கள். அதில் நாங்கள் தலையிடுவது நாகரிகமாக இருக்காது."

இருபத்தோராம் நாள் பரீட்சை. மதிப்பீட்டாளராக வந்தவர் வனமாமலை. நாங்குநேரிப் பக்கத்துக்காரர். கையில் புத்தகமும் கழுத்தில் விசிலுமாக வந்தார். பதினாலு பேரையும் ஆளுக்கொரு மாப்போடு வரிசையாக நிற்கவைத்து விசில் ஊதினார். பதினாலு பேரும் குனிந்தார்கள். குனிந்து, ஒருவர் பக்கத்தில் ஒருவராக, ஒரே சீராகப் பின்னால் நகர ஆரம்பித்தார்கள்.

யாரும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. பாவாடை கட்டிய வயதிலேயே கழனியில் இறங்கியவர்கள். நாற்று நடும்போது பின்னால் நகர்ந்துதான் நட வேண்டும், முன்னால் போனால் நட்டதை நாமே மிதித்துவிடுவோம். கழனி போனாலும் காலுக்கு அது மறக்கவில்லை. கம்பெனியிலும் இப்படித்தான் துடைத்தார்கள். ஈரத்தில் ஒரு தடம் விழாது.

வனமாமலை பதறிப்போய் மறுபடி விசில் ஊதினார்.

"ஏம்மா, எல்லாரும் எங்க போறிய? ஏன் பின்னால போறிய?"

"தொடைக்கிறோம் சார்" என்றாள் முனியம்மாள்.

"இங்க பாருங்க." புத்தகத்தின் முப்பத்து நாலாம் பக்கத்தைக் காட்டினார். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் மாப்பைப் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி முன்னால் ஓர் அடி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "பணியாளர் முன்னோக்கி நகர வேண்டும்னு தெளிவா போட்டிருக்கு. வளர்ச்சின்னா முன்னாலதாம்மா போவணும்."

"முன்னால போனா தொடச்சத நாமளே மெதிப்போமே சார்."

"மிதிங்க. மிதிக்கக் கூடாதுன்னு புஸ்தகத்துல இல்லயே."

பதினாலு பேரும் ஃபெயில். ஒரு வாரம் கழித்து மறுபரீட்சை. அந்த ஒரு வாரமும் முனியம்மாள் வீட்டு வாசலில் முன்னால் நடந்து துடைக்கப் பழகினாள். கட்டிலில் கிடந்த கோதண்டராமன் அதைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, உனக்கு இன்னாவது ஆயிப் போச்சா?" என்று கேட்டார். மறுபரீட்சையில் எல்லாரும் வெள்ளைக்காரப் பெண் மாதிரியே முன்னால் போனார்கள். பல்லையும் காட்டினார்கள். முனியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அவள் காலடி ஒவ்வொன்றும் சேறாகப் பதிந்து கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவமானத்தில் உடம்பு கூசியது. மதிப்பெண் தாளில் தடத்துக்கென்று தனிக் கட்டம் இல்லாததால் எல்லாரும் பாஸ்.

'துப்புரவு வல்லுநர், நிலை இரண்டு' என்று சான்றிதழ் வந்தது. அவள் படம் போட்டிருந்தது. அதை பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து ஒரகடம் போனாள். கேட்டில் சக்திகுமார் அதை வாங்கிப் படித்தான். முகம் மலர்ந்தது. பிறகு போனில் எதையோ தட்டிப் பார்த்தான். மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது.

"யக்கா, நிலை ரெண்டுன்னா நீ ஸ்கில்டு."

"நல்லதுதானப்பா?"

"எங்க காண்ட்ராக்ட்டு அன்ஸ்கில்டுக்குத்தான்கா. ஸ்கில்டு ஆள எடுக்கக் கூடாது."

"சர்டிபிகேட் கேட்டது நீதானே?"

"சர்டிபிகேட் இருக்கணும்னு கம்பெனி சொல்லுது. சர்டிபிகேட் இருக்கற ஆளு வேணாம்னு காண்ட்ராக்டர் சொல்றாரு. நடுவுல நான் இன்னாக்கா பண்ணுவேன்?"

கேட்டுக்கு உள்ளே, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், முனியம்மாள் பதினோரு வருஷம் துடைத்த வராண்டாவை ஒரு சின்னப் பெண் துடைத்துக்கொண்டிருந்தாள். இருபது வயதிருக்கும்.

"அந்தப் பொண்ணு கிட்ட சர்டிபிகேட் கீதா?"

"அது டிரெய்னி, யக்கா. கத்துக்க வந்த ஆளுக்கு எதுக்கு சர்டிபிகேட்?"

"அப்ப என்னையும் டிரெய்னின்னு போட்டுக்கோ. நானும் கத்துக்கறேன்."

"டிரெய்னிக்கு வயசு இருபத்தஞ்சிக்குள்ள இருக்கணும்."

முனியம்மாள் சான்றிதழை உறையிலிருந்து வெளியே எடுத்தாள். "இத்தக் கிழிச்சிப் போட்டுட்டா?"

"பேப்பரத்தான் கிழிக்கலாம். கம்ப்யூட்டர்ல கீதே" என்றான் சக்திகுமார். கெட்டவன் இல்லை அவன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு ஒரு வழி சொன்னான். "நேரா பென்னலூரு போ. உனக்குத் தொடைக்கத் தெரியாதுன்னு எழுதி வாங்கினு வா. சர்டிபிகேட்டு குடுத்தாங்கோ, ஆனா தெரியலன்னு. அது கம்பெனிக்கும் காண்ட்ராக்டருக்கும் தோதா இருக்கும்."

கழகத்தில் அதற்கும் ஒரு படிவம் இருந்தது. பதினேழாம் எண், 'திறன் நீக்கக் கோரிக்கை'. இதுவரை யாரும் கேட்டதில்லை என்றாள் ப்ரீதி. மதிப்பீட்டாளர் முன்னால் மறுபடி துடைத்துக் காட்ட வேண்டும், துடைத்து, தெரியாது என்று நிரூபிக்க வேண்டும். அவர் வருகிற தேதி டிசம்பர் பதினைந்து. கார்டுக்கு இன்னும் பதினாறு நாள் மிச்சம் இருக்கும் என்று முனியம்மாள் கணக்குப் போட்டாள். தெரியாது என்ற தாள் கையில் வந்த மறுநாளே வேலையில் சேர்ந்துவிடலாம், மீதியை சக்திகுமார் பார்த்துக்கொள்வான்.

எப்படித் தெரியாமல் துடைப்பது என்பதில் அவளுக்கு ஒரு குழப்பமும் இல்லை. எதற்காக முதல் தடவை ஃபெயில் ஆக்கினார்களோ அதையே செய்தால் போதும்.

டிசம்பர் பதினைந்தாம் தேதி வனமாமலை விசில் ஊதினார். அவள் குனிந்தாள். பின்னால் நகர்ந்தாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாகக் கால் தானாகப் போயிற்று. இடுப்பு வளைகிற விதமும் கை வீசுகிற அகலமும் பழையபடி அமைந்துவிட, ஈரத்தில் ஒரு பிசிறு இல்லாமல் சுவரிலிருந்து கதவு வரைக்கும் அவள் துடைத்துக்கொண்டே வந்தாள். எங்கே இருக்கிறோம் என்பதைக்கூட மறந்துபோனாள். கதவுக்கு வெளியே வந்து நிமிர்ந்தபோது தரை கண்ணாடியாக இருந்தது. சந்தோஷமாக இருந்தது. நன்றாக ஃபெயில் ஆகிவிட்டோம் என்று நினைத்தாள்.

வனமாமலை வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து ஒரு புதுப் புத்தகத்தை எடுத்தார். அச்சு வாசனை போகாத இரண்டாம் பதிப்பு.

"அம்மா! இத எங்க படிச்சிய? நேத்துதான வந்துச்சு!"

முப்பத்து நாலாம் பக்கம் மாறியிருந்தது. அதே வெள்ளைக்காரப் பெண், அதே சிரிப்பு. இப்போது பின்னால் போய்க்கொண்டிருந்தாள். பணியாளர் பின்னோக்கி நகர்ந்தால் ஈரத் தரையில் தடம் விழாது என்று வெளிநாட்டு ஆலோசகர் ஒருவர் இரண்டு வருஷம் ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கிறார் என்று கீழே போட்டிருந்தது.

"சார், எனக்குத் தெரியாது சார்" என்றாள் முனியம்மாள். "நெசமாவே தெரியாது. தெரியாதுன்னு எழுதிக் குடுங்கோ சார். எங்க வூட்டுக்காரருக்கு முடியல சார்."

வனமாமலை 'பணிவு' என்ற கட்டத்திலும் முழு மதிப்பெண் போட்டார். கோரிக்கை தள்ளுபடியானது. நிலை மூன்று கொடுத்தார்கள். கழகத்தின் சரித்திரத்திலேயே முதல் நிலை மூன்று என்று சம்பத்குமார் ஓடிவந்து பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு கிராமத்துப் பெண் சாதிக்க முடியும் என்றால் அதற்குக் கழகத்தின் பயிற்சியே காரணம் என்றார். மறுநாளிலிருந்து அந்தப் படம் வாசலில் தொங்கியது. நிலை மூன்றுக்கு ஒரகடத்தில் எந்த கம்பெனியிலும் வேலை இல்லை என்று ப்ரீதிதான் தேடிப் பார்த்துச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது.

டிசம்பர் முப்பது, செவ்வாய்க்கிழமை. கார்டில் நடந்த கடைசி டயாலிசிஸ். அடுத்த வெள்ளிக்கிழமை காலை முனியம்மாள் கோதண்டராமனைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவருக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தது, செருப்பு ஏறவில்லை. வெறுங்காலோடு வந்தார்.

கவுண்டரில் இருந்த நர்ஸ் நோட்டில் பேரை எழுதிக்கொண்டாள்.

"மெஷின் பத்துதாம்மா. பத்துலயும் ஆள் இருக்காங்க. உங்களுக்கு முன்னால எட்டுப் பேர் காத்திருக்காங்க. எடம் காலியானா போன் பண்ணுவோம்."

"எப்பம்மா காலியாவும்?"

நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். "போன் நம்பர் சொல்லுங்க" என்றாள்.

முனியம்மாள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கோதண்டராமனுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"உள்ள படுத்துனு கீறவங்கோ எல்லாரும் நல்லா இருக்கட்டும்டி. நாம வேற மாதிரி நெனச்சிடக் கூடாது."

"ஆமா" என்று அவள் தலையாட்டினாள்.

எதிரே கண்ணாடிக் கதவு. அதற்குப் பின்னால் பத்துக் கட்டில், பத்துப் பேர். பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, அதில் யாருக்கு ரொம்ப முடியவில்லை என்று அவள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.